பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பெரிய ஸ்கேல் போர்விமான மாடல்கள்

கேள்வி: இதுவரை 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) மாடல்கள் மட்டுமே ஒட்டியவன் நான். முதல்முறையாக 1/32 ஸ்கேலில், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் மார்க் 9 வகைக் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. திறந்தால் ஸ்ப்ரூ ஸ்ப்ரூவாகப் பாகங்கள் (ஸ்ப்ரூ என்பது பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்), உலோகத் தகடு, ரப்பர் டயர், தலையணை மாதிரி ஒரு கையேடு. மலைப்பாக இருக்கிறது. இது நல்ல கிட்டா சுமாரா என்று ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? "ரிவெட் எவ்வளவு நுணுக்கமா இருக்குன்னு பாரு, அதுலயே தெரிஞ்சிடும்" என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ரிவெட்டை, அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள் (விகிதத்தைச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் கோடு போட்டோமே, அந்த ஸ்கேல்). மார்க் 9-க்கு இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 32-ஆல் வகுத்தால் 35.1 சென்டிமீட்டர். கிட்டில் இறக்கையின் அடிப்பாகம் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும், அதை மேஜைமேல் வைத்து அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுங்கள், எந்தக் கண்ணுக்கும் அது தெரியப் போவதில்லை. அரை சென்டிமீட்டர் குறைகிறது என்றால் நிஜ விமானத்தில் 16 சென்டிமீட்டரை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், அப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். அதற்கு முன், உங்கள் கிட் நறுக்கிய இறக்கை நுனியோடு வந்த வகையா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாழ்வான உயரத்தில் சட்டென்று புரள்வதற்காகச் சில மார்க் 9-களுக்கு நுனியைக் கழற்றி மொட்டையாக மூடியிருந்தார்கள்.

அளவு சரியாக இருந்து உருவம் கெட்டுப்போன கிட்டுகள்தான் உண்மையில் ஏமாற்றுபவை. ஸ்பிட்ஃபயரில் உருவம் என்றால் மூன்று இடம்: மூக்கு, காக்பிட்டின் கண்ணாடி, இறக்கையின் நீள்வட்ட வளைவு. அதிலும் மார்க் 9 என்றால் மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1941-இல் ஜெர்மன்காரர்களின் ஃபோக்கவுல்ஃப் 190 வந்து மார்க் 5-ஐத் திணறடித்ததும், புதிதாக ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்க நேரமில்லாமல், மார்க் 5-இன் உடம்பிலேயே இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) கொண்ட மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தி 1942-இல் களமிறக்கியதுதான் இந்த மார்க் 9. எஞ்சின் நீண்டதால் மூக்கு நீண்டது, மூன்று அலகு புரொப்பெல்லர் நான்கு அலகானது. மார்க் 5-இல் ஒரு இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டரும் மறு இறக்கைக்கு அடியில் ஒல்லியான ஆயில் கூலருமாக இருந்தது, இங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெட்டியாகிவிட்டது. உங்கள் கிட்டில் இவையெல்லாம் இருக்கும், இல்லாமல் போகாது. பார்க்க வேண்டியது, நீண்ட மூக்கின் மேல்கோடு காக்பிட்டிலிருந்து ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் கூம்பு மூடி) வரை சீராக இறங்குகிறதா, இல்லை பழைய அச்சில் புது மூக்கை ஒட்டுப் போட்ட மாதிரி நடுவில் முறிகிறதா என்பதை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிடிபடாது. உடம்பின் ஒரு பாதியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஃபோனில் ஜூம் செய்து பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். கிட்டத்தில் போய் எடுத்தால் லென்ஸ் மூக்கைப் பெருக்கிக் காட்டும், அப்புறம் கிட்டைத் திட்டுவதில் நியாயமில்லை. அந்தப் படத்தை நிஜ விமானத்தின் பக்கவாட்டுப் படத்தோடு வைத்துப் பாருங்கள். உருவத்துக்கு இன்று பறக்கிற, மீட்டெடுத்த ஸ்பிட்ஃபயர்களின் படமே போதும். ரேடியோ, ஆன்டெனா, காக்பிட் சாமான் போன்ற விவரங்களுக்கு மட்டும் போர்க்காலப் படத்தைத் தேடுங்கள், ஏனென்றால் இப்போது பறப்பவற்றில் அதையெல்லாம் மாற்றியிருப்பார்கள். அப்படியே இறக்கையைக் கவிழ்த்து, அதன் பின்விளிம்பு வயிற்றோடு சேரும் இடத்தையும் பாருங்கள். அந்த இடம் நேர்கோடாக இருக்கக் கூடாது, கடற்பறவை இறக்கை விரித்த மாதிரி லேசாக மடங்கியிருக்க வேண்டும். பழைய கிட்டுகள் பலவும் இந்த இடத்தைத் தட்டையாக்கிவிட்டுப் போயிருக்கின்றன.

அடுத்தது பிளாஸ்டிக். மேஜை விளக்கைச் சாய்த்து, ஒளி பாகத்தின்மேல் குறுக்காக விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஸ்ப்ரூ ஸ்ப்ரூவாகத் திருப்பிப் பாருங்கள். தடித்த பகுதிகளில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே இழுத்து உண்டான குழிவுகள் அப்போதுதான் நிழல் கட்டித் தெரியும், நேர் வெளிச்சத்தில் தெரியாது. அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசிகளின் வட்டத் தழும்புகளும் இருக்கும். அவை இல்லாத கிட்டே கிடையாது, எந்த இடத்தில் இருக்கின்றன என்பதுதான் விஷயம். உடம்பின் உள்பக்கம், வால் பகுதியில் இருந்தால் யாருக்கென்ன. காக்பிட்டின் பக்கச்சுவரில், மேடும் பள்ளமுமாக விவரங்கள் இருக்கும் இடத்தின் நடுவே, அல்லது சக்கரக் கதவின் உள்பக்கத்தில் இருந்தால் ஒரு மாலைப்பொழுது புட்டியும் (குழிவை அடைக்கும் பூச்சு) உப்புத்தாளுமாகப் போய்விடும். பாகங்களின் ஓரத்தில் சவ்வு மாதிரி பிளாஸ்டிக் கசிந்து நின்றால் அச்சு தேய ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் கண்ணால் பார்க்கிற வேலை. தீர்ப்பு சொல்ல மாஸ்கிங் டேப் வேண்டும். உடம்பின் இரு பாதிகள், இறக்கையின் மேல்-கீழ் பாகங்கள், எஞ்சின் மூடிகள், இவற்றை மட்டும் ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி, வெட்டிய காம்பைச் சுத்தமாகத் தேய்த்து, ஒரு சொட்டுப் பசை இல்லாமல் டேப்பால் கட்டிப் பாருங்கள். காம்பைச் சரியாகத் தேய்க்காமல் "பொருந்தவே இல்லை" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கோஷ்டியில் இருந்தவன்தான். கட்டியதும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெளிச்சம் கீறலாகத் தெரிந்தால் பரவாயில்லை, கசியும் பசையே அதை அடைத்துவிடும். முழு மில்லிமீட்டர் பிளந்து நின்றால் அங்கே புட்டி போட வேண்டும், புட்டி போட்டால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் அங்கிருக்கும் நுணுக்கமான வேலைப்பாடெல்லாம் போய்விடும், அப்புறம் நண்பர் சொன்ன ரிவெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதுதான். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் 6 டிகிரி மேல்நோக்கி நிற்பவை. கட்டிய மாடலை மேஜையில் நேராக நிறுத்தி இரண்டு நுனிகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அதே பள்ளிக்கூட ஸ்கேலால் பாருங்கள். உள்ளே இறக்கையைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்திருந்தால் இது தானாகவே சரியாக வரும். பெரிய ஸ்கேலில் அப்படிச் சட்டம் கொடுக்கிற கிட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மார்க் போடுவேன்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஒருமுறை ஒரு கிட்டில் எஞ்சின் அவ்வளவு அழகாக இருக்கிறதே என்று மூடிகளை வைத்துப் பார்க்காமலேயே, மூன்று வாரம் உட்கார்ந்து, குழாய் குழாயாகச் சேர்த்து, பெயின்ட் அடித்து, உடம்பில் உட்கார வைத்தேன். மூடி மூடவில்லை. இரண்டு மில்லிமீட்டர் வாய் பிளந்து நின்றது, அதாவது நிஜத்தில் ஆறரை சென்டிமீட்டர், அப்படி ஒரு விமானத்தை எந்த மெக்கானிக்கும் ஓடுபாதைக்கு விடமாட்டார். கடைசியில் மூடியே போடாமல் அலமாரியில் வைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "எஞ்சினைத் திறந்து காட்டியிருக்கீங்க, சூப்பர்" என்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது டாமியா நிறுவனம். 2009-இல் வந்த அவர்களுடைய 1/32 மார்க் 9-இல் எஞ்சின் மூடிகளைச் சின்னச் சின்னக் காந்தங்கள் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது கழற்றலாம், மாட்டலாம். உங்கள் கிட்டில் காந்தம் இல்லாவிட்டால் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதை எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். மூடப் போகிறீர்கள் என்றால் உள்ளே பாதி எஞ்சின் போதும்.

கேள்வி: அப்படியானால் ரிவெட்டே முக்கியமில்லையா? ரிவெட் இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும் கிட்டை எப்படி நல்ல கிட் என்பது?

பதில்: முக்கியம்தான், ஆனால் எந்த விமானத்தில் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் உருவான காலத்தில், தட்டையான ரிவெட் எங்கே அவசியம், செலவு குறைந்த குமிழ்த்தலை ரிவெட் எங்கே போதும் என்று கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். தட்டை ரிவெட்டுகளின் தலைமேல் பாதியாக உடைத்த பட்டாணியை ஒட்டி, பறக்கவிட்டு, அப்புறம் பகுதி பகுதியாகப் பட்டாணியை எடுத்துக்கொண்டே வேகம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். உடம்பில் குமிழ் ரிவெட் வைத்தால் பெரிய நஷ்டமில்லை என்று தெரிந்தது. 1943 பிப்ரவரியிலிருந்துதான் உடம்பு முழுவதும் தட்டை ரிவெட்டுக்கு மாறினார்கள். ஆக 1942-இல் வந்த மார்க் 9-இன் பின் உடம்பில் குமிழ் தெரியலாம், 1944-இல் வந்ததில் தெரியக் கூடாது. எல்லா வருஷத்து விமானத்துக்கும் ஒரே ரிவெட் என்று இறக்கையிலும் உடம்பிலும் சரமாரியாகக் குத்தி வைத்திருக்கும் கிட் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் சரியானதாக இருக்காது.

அமெரிக்கர்களின் மஸ்டாங் இன்னும் மோசம், அதாவது கிட் செய்கிறவர்களுக்கு. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அதன் இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டையும் இணைப்பையும் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளி பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்த இறக்கையில் வரிசை வரிசையாக ரிவெட் இருந்தால், நீங்கள் நிஜத் தொழிலாளிகள் செய்த அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பேனல் கோட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1/32-இல் 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு என்றால் நிஜத்தில் 6.4 மில்லிமீட்டர் இடைவெளி, சுண்டுவிரல் நகத்தை உள்ளே விடலாம். நிஜ விமானத்தில் தகடும் தகடும் சேரும் இடம் முடி அகலம்தான் இருக்கும். அதனால் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்த்து மகிழாதீர்கள், மெல்லியதாக இருந்தால் மகிழுங்கள். கழற்றி மாட்டும் மூடிகளின் கோடு கொஞ்சம் அழுத்தமாகவும், நிரந்தரமாக ரிவெட் அடித்த இணைப்பின் கோடு மங்கலாகவும், இப்படி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியிருந்தால் அந்த அச்சைச் செதுக்கியவர் விமானத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்.

கேள்வி: பாகங்கள் அதிகமுள்ள கிட்தான் சிறந்ததா?

பதில்: இல்லை. ஒரு சீட்டை ஏழு துண்டாகக் கொடுப்பதும் சாமர்த்தியமாக இரண்டு துண்டில் முடிப்பதும் அச்சு செய்கிறவரின் திறமையைப் பொறுத்தது. ஒட்டியபின் இரண்டும் ஒரே சீட்தான்.

கேள்வி: 1/24 வாங்கலாமா, 1/32 போதுமா?

பதில்: 1/32-க்கு நம் பழைய வாய்ப்பாட்டில் அரைவீசம் என்று பெயர். அந்த அரைவீசமே போதும் என்பேன். இந்த விகிதங்கள் இஞ்ச் கணக்கில் பிறந்தவை: ஒரு அடிக்கு அரை இஞ்ச் என்றால் 1/24, முக்கால் இஞ்சில் பாதி என்றால் 1/32. கேட்க அதிக வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 35 சென்டிமீட்டரிலிருந்து 47 சென்டிமீட்டருக்குப் போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பெயின்ட் அடிக்கும் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு, கன அளவு 2.4 மடங்கு. இத்தனையையும் தாங்க வேண்டியவை ஸ்பிட்ஃபயரின் கொக்குக் கால்கள். அதனால் 1/24 வாங்கினால் முதலில் சக்கரக் காலைப் பாருங்கள். உள்ளே உலோகக் கம்பி இருக்கிறதா, அல்லது கால் இறக்கைக்குள் ஆழமாகப் போய் உட்காருகிறதா என்று. வெறும் பிளாஸ்டிக் கால் ஒரு சின்னக் குழியில் நின்றால், இரண்டு வருஷத்தில் விமானம் சாய்ந்து, ஒரு பக்கம் சரக்கு அடித்த ஆள் மாதிரி நிற்கும்.

காக்பிட்டும் எஞ்சினும்தான் உங்களுக்குப் பிடித்த இடங்கள் என்றால் 1/24-க்குப் போகலாம். கருவிப் பலகையின் ஒவ்வொரு டயலிலும் முள் தெரியும் சுகம் அங்கேதான் கிடைக்கும். அலமாரியை முதலில் அளந்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பெட்டியில் "புதிய வெளியீடு" என்று இருக்கிறது. திறந்தால் ஏதோ பழைய கிட் மாதிரி தெரிகிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: ஸ்ப்ரூவின் சட்டத்திலோ இறக்கையின் உள்பக்கத்திலோ நிறுவனத்தின் பெயரோடு ஒரு வருஷம் பொறித்திருக்கும், பல கிட்டுகளில் இது உண்டு. பெட்டியின் படத்தை எத்தனை முறை மாற்றினாலும் அச்சில் பொறித்ததை அவ்வளவு லேசில் மாற்றமாட்டார்கள். எஃகு அச்சு பல பத்தாண்டு உழைக்கும், அதனால் மறுவெளியீடு என்பது இந்தத் துறையில் சகஜம், குற்றமில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் வம்பு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/24 ஸ்பிட்ஃபயர் என்றால் 1970-இல் வந்த மார்க் 1-உம் உண்டு, 2022-இல் வந்த மார்க் 9-உம் உண்டு. நடுவில் அரை நூற்றாண்டு இருக்கிறது. முதலாவதை அதன் காலத்தை வைத்து மதிக்க வேண்டும், இரண்டாவதோடு தராசில் வைக்கக் கூடாது. இன்னொரு அடையாளம், கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமாக இல்லாமல் மேடாக நிரடினால் பெரும்பாலும் பழைய அச்சுதான்.

கேள்வி: ரப்பர் டயர் நல்லதா, பிளாஸ்டிக் டயர் நல்லதா?

பதில்: பிளாஸ்டிக். சில மென்மையான டயர்களில் இருக்கும் இளக்கி எண்ணெய் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என்னிடம் இருந்த ஒரு மாடலில் சக்கரத்தின் வளையம் உருகி வெல்லப்பாகு மாதிரி ஆகியிருந்ததை ஆறு வருஷம் கழித்துத் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன். எல்லா ரப்பரும் இப்படிச் செய்யாது. கிட்டில் வேறு வழி இல்லையென்றால் வளையத்துக்குப் பெயின்ட்டும் அதன்மேல் வார்னிஷும் நன்றாகக் கொடுத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: டீக்காலையும் (விமானத்தின்மேல் ஒட்டும் சின்னங்கள்) கண்ணாடிப் பாகங்களையும் எப்படி மதிப்பிடுவது? ஒட்டிப் பார்த்தால்தானே தெரியும்?

பதில்: வேண்டியதில்லை. பிரிட்டிஷ் வட்டச் சின்னம் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிவப்புப் புள்ளி நட்டநடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் வெள்ளை பிதுங்குகிறதா என்பதிலேயே அச்சடித்தவரின் ஒழுங்கு தெரிந்துவிடும். சின்னத்தைச் சுற்றி ஒளிபுகும் படலம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், குறைவாக இருந்தால் நல்லது. பழைய கிட்டில் அந்தப் படலம் மஞ்சளடித்திருந்தால் டீக்கால் தாளை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். சிவப்பே இல்லாமல் கருநீலமும் வெளிர்நீலமுமாக ஒரு சின்னம் இருந்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் பறந்தவற்றில் ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொண்டு தம் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். நிறப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். 1941 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தின் பகல்நேரப் போர்விமானங்களுக்கு மேலே அடர்பச்சையும் கடல்சாம்பலும்தான். 1942-க்குப் பின் வந்த மார்க் 9-க்கு, இங்கிலாந்துத் தளத்திலிருந்து பறந்தது என்று சொல்லிக்கொண்டே பச்சையும் மண்பழுப்பும் அடிக்கச் சொன்னால் கையேட்டை எழுதியவர் மார்க் 1-இன் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கண்ணாடிப் பாகத்தை அச்சடித்த தாள்மேல் வைத்து எழுத்தைப் படியுங்கள். எழுத்து நெளிந்தால் கண்ணாடி தடிமன். ஸ்பிட்ஃபயரின் நகரும் கூரை தலைக்கு இடம் விட்டுப் பக்கவாட்டில் உப்பியது, அந்த உப்பலைச் சரியாகக் கொண்டுவர அச்சைப் பல துண்டாகச் செய்தாக வேண்டும். அதனால் கூரையின் நடுவே நெடுக ஒரு மெல்லிய கோடு ஓடினால் பதறாதீர்கள். உருவத்தில் சமரசம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. மிக நைசான உப்புத்தாளில் தொடங்கிப் பாலிஷில் முடித்தால் போய்விடும். கோடே இல்லாமல் பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் கூரைக்குத்தான் மருந்து கிடையாது.

கேள்வி: என் கிட்டில் ஃப்ளாப்புகளை (தரையிறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் தகடுகள்) இறக்கி வைக்கும்படி தனிப் பாகமாகக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே விலா எலும்பு மாதிரி அவ்வளவு வேலைப்பாடு. இதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டா?

பதில்: வேலைப்பாட்டுக்கு உண்டு. ஆனால் ஸ்பிட்ஃபயரின் ஃப்ளாப் காற்றழுத்தத்தில் இயங்குவது, அதற்கு இரண்டே நிலை: முழுக்க மேலே, அல்லது 85 டிகிரி கீழே. நடுவில் நிற்காது. தரையிறங்கியதும் விமானிகள் அதை மேலே ஏற்றிவிடுவார்கள், தரையில் நிற்கிற படங்களில் இறங்கிய ஃப்ளாப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கையேடு 45 டிகிரியில் ஒட்டச் சொன்னால் கேட்காதீர்கள். மூடிய நிலையில் அது இறக்கையோடு படிகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள், திறந்து காட்டவே செய்த ஃப்ளாப்புகள் சில சமயம் மூட மறுக்கும்.